பேனல் லோயர் யாருக்கு லோயர்? பண்டாரவளை வீட்டுக் கடன் கோப்பு ஒன்று

மனைவி தோட்டப் பாடசாலை ஆசிரியை. கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் உத்தியோகத்தர். இருவரும் லயத்தில், தோட்டத் தொழிலாளருக்குக் கட்டிய வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவர்கள். காணி உறுதி, அதாவது காணியின் உரிமைப் பத்திரம், என்ற ஒன்று அவர்கள் குடும்பங்களில் அதுவரை யார் கைக்கும் வந்ததில்லை. பண்டாரவளையிலிருந்து வெலிமடைப் பக்கம் போகும் வீதிக்குச் சற்று உள்ளே, முன்னர் தேயிலை நின்ற காணியைத் துண்டாடி விற்ற இடத்தில், 14 பேர்ச்சஸ் நிலமும் அதில் ஒரு சின்ன வீடும் விலைக்கு வந்தது. 90 இலட்சத்துக்குப் பேசி முடித்தார்கள். கையில் 30 இலட்சம். மிச்சம் 60 இலட்சத்துக்கு வங்கிக் கடன்.

அவர்கள் கடைசியில் தெரிவுசெய்த சட்டத்தரணியின் அலுவலகத்தில் நான் அப்போது கிளார்க்காக இருந்தேன். ஆகவே அந்த மேசைக்குப் பின்னால் இருந்து பார்த்ததைத்தான் எழுதுகிறேன், கொஞ்சம் பக்கச்சார்பு இருக்கலாம். ஆட்களை இனங்காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சட்டச் சிக்கல்களில் கை வைக்கவில்லை.

எங்களிடம் வரும்போதே கோப்பில் ஒரு முடிச்சு விழுந்திருந்தது. வீட்டைக் காட்டிய தரகர், "எல்லாத்தையும் நம்ம லோயரே பார்த்துக்குவாரு" என்று சொல்லி ஒருவரிடம் கூட்டிப்போயிருந்தார். அந்த லோயர் பதிவேட்டைப் பார்த்ததற்கென்று ஒரு தொகையை வாங்கிக்கொண்டு, விற்பனை ஒப்பந்தம் ஒன்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டார். 9 இலட்சம் முற்பணம் கைமாறிவிட்டது. மூன்று மாதத்துக்குள் மிச்சக் காசைக் கட்டி உறுதி முடிக்காவிட்டால் முற்பணம் போய்விடும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. வங்கி கடன் தராவிட்டால் என்ன செய்வது என்பதற்கு ஒரு வரியும் இல்லை.

அந்த ஒப்பந்தம் வெறும் கடதாசி இல்லை. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனைக்கு மட்டுமல்ல, காணியை விற்கிறேன் என்று கொடுக்கும் வாக்குக்கும் நொத்தாரிசு (உறுதிகளை எழுதி அத்தாட்சிப்படுத்த அனுமதி உள்ளவர்) முன்னால், இரண்டு சாட்சிகளோடு கையெழுத்து வைக்க வேண்டும். அப்படி வைத்தால் அது கட்டுப்படுத்தும். அந்த மூன்று மாதம் உண்மையான மூன்று மாதம்.

கடன் விண்ணப்பத்தைக் கொடுக்கப் போன இடத்தில்தான் வங்கி உத்தியோகத்தர் கேட்டார், "உங்க லோயர் எங்க லிஸ்ட்ல இருக்காரா?" இல்லை. வேறொரு வங்கியின் பட்டியலில் முன்பு இருந்தாராம். அவர் எழுதிய உரித்து அறிக்கையை, அதாவது காணியின் உரிமை சரியா என்று சொல்லும் அறிக்கையை, இந்த வங்கி கையிலும் எடுக்கவில்லை. கொடுத்த காசு போனது போனதுதான்.

இங்கே பலருக்கும் வரும் குழப்பம் இது. "பேங்க் அப்ரூவ் பண்ணின லோயர்" என்று பொதுவாக ஒருவர் கிடையாது. ஒவ்வொரு வங்கிக்கும் தனிப் பட்டியல்; அதில் இருப்பவரைத்தான் அந்த வங்கியின் பேனல் லோயர் என்பார்கள். ஒரே வங்கியிலும் இந்தக் கிளைக்கு இவர்கள், இத்தனை இலட்சத்துக்கு மேலே போனால் அவர்கள் என்று பிரித்து வைப்பார்கள். பெயர்கள் சேரும், நீங்கும். அறிக்கை பிழைத்துப் போனால் பட்டியலிலிருந்து பெயர் வெட்டப்படும். ஆகவே இன்றைய தேதியில் இருக்கிறாரா என்பதை லோயரிடம் கேட்பதில் பிரயோசனம் இல்லை, கிளையில்தான் கேட்க வேண்டும். எழுத்தில் தந்தால் இன்னும் நல்லது.

வங்கி ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறது என்றும் சொல்ல வேண்டும். 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டம், கடன் கட்டாதவரின் ஈட்டுக் காணியை, சட்டம் விதிக்கும் நிபந்தனைகளுக்கு உட்பட்டு, நீதிமன்றம் போகாமலே பணிப்பாளர் சபைத் தீர்மானத்தோடு ஏலத்தில் விற்க வங்கிக்கு அதிகாரம் தருகிறது. ஊரில் 'பராட்டே' என்று சொல்லிப் பயப்படுவது இதைத்தான். ஆனால் உரித்தில் ஓட்டை இருக்கும் காணியை ஏலத்தில் யார் வாங்குவார்? பேனல் லோயரின் வேலை அந்த ஓட்டையைத் தேடுவது. அறிக்கை வங்கிக்கு முகவரியிட்டுப் போகிறது. பீஸ் மட்டும் கடன் எடுப்பவரின் பையிலிருந்து போகிறது. இதில் எனக்கு ஒரு காலமும் முழு உடன்பாடு இருந்ததில்லை, ஆனால் வழக்கம் அதுதான்.

கிளை கொடுத்த பட்டியலில், பதுளை மாவட்டத்துக்குள் போய்வரக்கூடிய தூரத்தில் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் பண்டாரவளை நகரிலேயே இருப்பவர், நல்ல பெயர், பீஸும் குறைவு. தம்பதி முதலில் அவரிடம்தான் போக நினைத்தார்கள். போனில் பேசியபோது அவரே சொன்னார், "அந்தக் காணியா? போன உறுதியும் நான்தான் எழுதினேன். எனக்கு எல்லாம் தெரியும், லேசா முடிச்சிடலாம்." ஆசிரியைக்கு அது நிம்மதியாக இருந்தது. கணவருக்கு அதுதான் உறுத்தியது. தான் எழுதிய உறுதியில் பிழை இருக்கிறது என்று ஒரு மனுசன் வங்கிக்கு எழுதுவானா? இந்தக் கோப்பில் எடுத்த முடிவுகளில் ஆகப் பெரியது இது என்பேன். அவர் நேர்மையானவர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் விற்பவரின் பழைய நொத்தாரிசு, வாங்குபவரின் நொத்தாரிசு, வங்கியின் லோயர் என்று மூன்று தொப்பியையும் ஒரே தலையில் வைக்கக் கூடாது.

இரண்டாமவருக்கு வேலை அதிகம். கோப்பை ஜூனியரிடம் கொடுத்துவிடுவார், அறிக்கை எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒப்பந்தக் கெடு ஓடிக்கொண்டிருக்கும்போது அது சரிவராது. மூன்றாவது, பதுளையில் எங்கள் மிஸ், நான் வேலை பார்த்த சட்டத்தரணி. பண்டாரவளையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். ஆனால் காணிப் பதிவகம் பதுளையில். நாங்கள் அங்கே அநேகமாக ஒவ்வொரு நாளும் நிற்போம். இன்னொரு விசயமும் இருந்தது. நொத்தாரிசுப் பத்திரம் இந்த நீதி வலயத்துக்கு, இந்த மொழிக்கு என்றுதான் கொடுக்கப்படுகிறது. மிஸ்ஸுக்குச் சிங்களத்திலும் தமிழிலும் உறுதி முடிக்க அனுமதி இருந்தது. மலையகத்தில் இப்படி ஒருவர் கிடைப்பது லேசில்லை. தமிழ் ஆட்கள் வாங்கும் காணிக்கும் உறுதி சிங்களத்தில் முடிவதுதான் பெரும்பாலும் நடக்கிறது; யாரோ வாசலில் நின்று மொழிபெயர்க்க, தலையாட்டிக் கையெழுத்து வைத்துவிட்டு வருவார்கள்.

முதல் சந்திப்பில் ஆசிரியை கேட்ட கேள்வி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "மிஸ், நீங்க பேங்க்குக்கு லோயரா, எங்களுக்கா?"

"ரிப்போர்ட்டும், காணிய ஈடு வைக்கிற ஈட்டு முறியும் பேங்க்குக்கு. விற்பனை உறுதிய நானே எழுதினா அதுல உங்களுக்கு. ரெண்டும் முட்டிக்கிற இடம் வந்தா சொல்லிடுவேன், டீச்சர். அப்போ நீங்க வேற ஒருத்தர்ட்ட காட்டிக்கலாம்."

பீஸ் விவரத்தையும் அன்றைக்கே ஒரு தாளில் பிரித்து எழுதிக் கொடுத்தார்: உரித்து அறிக்கைக்கு இவ்வளவு, விற்பனை உறுதிக்கு இவ்வளவு, ஈட்டு முறிக்கு இவ்வளவு, முத்திரை வரி தனி, பதிவுச் செலவும் பிரதிகளும் தனி. கடன் கிடைக்காவிட்டாலும் அறிக்கைக்கான காசு திரும்பாது என்பதையும் சேர்த்துத்தான். பிறகு முதல் வேலையாக விற்பவரோடு பேசி, ஒப்பந்தக் கெடுவை மேலும் இரண்டு மாதத்துக்கு நீடித்து எழுத்தில் வாங்கினோம். அதில் வங்கி மறுத்தால் முற்பணம் திரும்ப வேண்டும் என்ற வரியும் ஏறியது.

நன்கொடை உறுதி

பதிவகத்தில் ஃபோலியோ பார்ப்பது தூசியில் செய்யும் வேலை. தடித்த பைண்டு போட்ட ஏடு, ஓரம் பிய்ந்து, செலோடேப் ஒட்டி, சில இடத்தில் மை பரவி. ஒரு காணிக்கு ஒரு பக்கம்; அதில் ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலும் ஒவ்வொரு வரி. பக்கம் நிரம்பினால் வேறு தொகுதிக்குத் தாவும். துண்டாடிய காணி என்றால் தாய்க் காணியின் பக்கத்துக்கும் போக வேண்டும். வங்கிகள் வழக்கமாகக் கேட்பது 30 வருடச் சரித்திரம். இந்தக் காணி பழைய தேயிலைக் காணி என்பதால் நாங்கள் 1972 க்கு அப்பாலும் போனோம். அந்த ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாருக்கு 50 ஏக்கர் என்று உச்சவரம்பு வைத்தது, மிஞ்சியது காணிச் சீர்திருத்த ஆணைக்குழுவுக்குப் போனது. அப்படிப் போன காணியில் ஒரு துண்டு பிற்பாடு யாரோ விற்றதாக வந்துவிட்டால் கதை முடிந்தது. நல்லவேளை, இது சின்னக் காணி. ஆணைக்குழுவின் கடிதமும் விற்பவரிடமே இருந்தது.

கடைசி வரிக்கு முந்திய வரியில்தான் மிஸ்ஸின் பேனா நின்றது. விற்பவருக்குக் காணி வந்தது அவருடைய அம்மாவிடமிருந்து, நன்கொடை உறுதியில். ஏழெட்டு வருடத்துக்கு முன்பு. அம்மா உயிரோடு இருக்கிறார். சீவிய உருத்து, அதாவது சாகும்வரை காணியை அனுபவிக்கும் உரிமை, வைத்துக்கொள்ளவில்லை. அதனால் பண்டாரவளை நொத்தாரிசு, தரகரின் லோயர், விற்பவர் எல்லோரும் "சுத்தமான உறுதி" என்றே சொன்னார்கள்.

விற்பவர் கண்டிச் சிங்களவர். ஊவாவும் கண்டி இராச்சியத்தில் இருந்த பகுதிதான், கண்டியச் சட்டம் அங்கேயும் செல்லும். 1938 ஆம் ஆண்டின் 39 ஆம் இலக்கக் கண்டியச் சட்டக் கட்டளை, நன்கொடை கொடுத்தவர் தன் வாழ்நாளில், வாங்கியவரின் சம்மதமே இல்லாமல், கொடுத்ததை நொத்தாரிசு உறுதி ஒன்றால் மீளப்பெறலாம் என்கிறது. விகாரைக்குக் கொடுத்தது, கலியாணத்தை முன்னிட்டுக் கொடுத்தது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அதில் ஒன்று, மீளப்பெறும் உரிமையைக் கைவிடுகிறேன் என்று கொடுத்தவரே உறுதியில் வெளிப்படையாக எழுதியிருப்பது. இந்த உறுதியில் அந்த வசனம் இல்லை.

அதாவது அம்மா நாளைக்கு மனம் மாறி ஓர் உறுதி எழுதினால் மகனின் உரித்து போய்விடும். மகனிடம் வாங்கிய டீச்சரின் உரித்தும் அதோடு ஆட்டம் காணும், அதன்மேல் ஏறிய வங்கியின் ஈடும்தான். நமது ஆட்களுக்கு இந்தச் சட்டம் சொந்தமில்லை. நமக்குள் நன்கொடை எழுதினால் விதி வேறு. அதனாலேயே மலையகத்தில் தமிழர் வாங்கும்போது யாருக்கும் இது மனதில் படுவதில்லை. வாங்குபவர் யார் என்பது இங்கே விசயமே இல்லை. கொடுத்தவர் யார் என்பதுதான் விசயம்.

விற்பவருக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்கம்மாவ நம்பலியா?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. பெற்ற தாயைப் பற்றி இப்படி ஒரு கடதாசி கேட்டால் யாருக்கும் சுடும். மிஸ் அவரிடம் வாதாடவில்லை, அம்மாவைக் கூட்டிவரச் சொன்னார். வெள்ளைச் சேலையில் எண்பதை நெருங்கிய ஓர் அம்மா, மகளோடு வந்தார். பழைய உறுதியை வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்ததும் சிங்களத்தில் கேட்டார், மகனுக்குத் தந்ததை நான் எதற்குத் திருப்பி எடுக்கப் போகிறேன் என்று. மிஸ் சொன்ன பதில்: "நீங்க எடுக்க மாட்டீங்கம்மா. ஆனா எடுக்க முடியும்னு சட்டம் சொல்லுது. பேங்க் சட்டத்தத்தான் பார்க்கும்." அம்மா உடனே கையெழுத்து வைக்கவில்லை. வீட்டுக்குப் போய் மற்றப் பிள்ளைகளோடு பேசிவிட்டு வருகிறேன் என்றார். அது எனக்குச் சரியாகவே பட்டது. அடுத்த கிழமை வந்தார். மீளப்பெறும் உரிமையைக் கைவிடும் உறுதி தனியாக முடிந்து, அதே ஃபோலியோவில் பதிவானது. பிறகுதான் விற்பனை உறுதியின் வரைவை மிஸ் எழுதத் தொடங்கினார்.

பாதையும் கல்கட்டும்

பாதைச் சிக்கலில் வங்கியும் வாங்குபவரும் ஒரே பக்கம். துண்டுகளுக்கு நடுவே போகும் 10 அடிப் பாதைக்கு உறுதியில் உரிமை இருந்தது. ஆனால் அந்தப் பாதை போய் முட்டுவது ஒரு தோட்டப் பாதையில். அங்கிருந்து பிரதான வீதிவரை யாருடைய உரிமையில் நடக்கிறோம்? லொறி ஓடுகிறது, ஸ்கூல் வேன் போகிறது என்பது உரிமைக்குச் சாட்சி ஆகாது. தோட்டக் கம்பனி ஒரு நாள் கேட் போட்டால் போட்டதுதான். பிரதேச சபையின் வீதிப் பதிவில் அந்தப் பாதை இருக்கிறதா என்று கடிதம் கேட்டோம். இருந்தது. கடிதம் கைக்கு வர எடுத்த காலத்தை நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான்.

கல்கட்டில்தான் இருவர் பாதையும் பிரிந்தது. உறுதியோடு இருந்த நில அளவைப் படம் 20 வருடப் பழசு. படத்தில் 14 பேர்ச்சஸ். சரிவான காணி, கீழ்ப்பக்கத்துக்காரர் ஒரு கல்கட்டு கட்டி, அதன் மேல் தட்டில் லீக்ஸ் போட்டிருந்தார். அந்தக் கட்டு எல்லைக்கு உள்ளேயா வெளியேயா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. லோயர் காணிக்குப் போவதில்லை, படத்தையும் உறுதியையும் ஒப்பிடுவதோடு அவர் வேலை முடிகிறது. வங்கியின் மதிப்பீட்டாளர் போனார், வீட்டைப் பார்த்தார், பெறுமதி எழுதினார். 90 இலட்சக் காணிக்கு 60 இலட்சம் கொடுக்கும் வங்கிக்கு ஒரு பேர்ச்சஸ் கூடினால் என்ன, குறைந்தால் என்ன?

மிஸ் முதல் நாள் கொடுத்த வாக்குப்படி சொன்னார், "டீச்சர், பேங்க் ரிப்போர்ட்ல இது வராது. வரவேண்டிய தேவையும் இல்ல. ஆனா நான் உங்க இடத்துல இருந்தா ஒரு சர்வேயர வச்சு அளந்து பார்ப்பேன்."

அளந்தார்கள். கல்கட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தது 13.1 பேர்ச்சஸ். கீழ்ப்பக்கத்துக்காரர் கட்டைக் கட்டிப் பத்து வருடத்துக்கு மேல் என்று ஊரே சொன்னது. 1871 ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி, உரிமைக்காரனுக்கு எதிராக, தடையில்லாமல் 10 வருடம் ஆண்டு அனுபவித்தவர் அந்த நிலத்துக்கே உரிமை கேட்டு வழக்குப் போடலாம். வழக்கு எப்படி முடியும் என்று சொல்ல முடியாது, ஆனால் புது வீட்டுக்குப் போகும்போதே பக்கத்து வீட்டாரோடு கோர்ட் ஏற யாருக்கு விருப்பம்? புதுப் படத்தின்படி 13.1 பேர்ச்சஸை எழுதி, விலையில் 3 இலட்சம் குறைக்க விற்பவர் ஒத்துக்கொண்டார். வங்கி மறுபடி அங்கீகாரம் கொடுக்கும்வரை கோப்பு கிடந்தது. கணவர் பொறுமை இழந்து ஒரு தடவை எங்கள் மேல் பாய்ந்தார், "ஒரு பேர்ச்சஸுக்கு இவ்வளவு ஆட்டமா அண்ணே?" லயத்து வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறம் எவ்வளவு இருக்கும் என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம்.

மண்சரிவு பற்றி ஒரு வார்த்தை. உரித்து அறிக்கை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் மலை அதை வாசிப்பதில்லை. 2014 ஒக்டோபர் 29 இல் மீரியபெத்தையில் நடந்ததை இந்த மாவட்டத்தில் யாருக்கும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. பின்பக்கம் ஓர் அறை கூட்டிக் கட்டும் எண்ணம் தம்பதிக்கு இருந்ததால், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கைக்குக் கையெழுத்துக்கு முன்பே விண்ணப்பித்தார்கள். அது லோயர் வேலை அல்ல, வங்கியும் கேட்கவில்லை. அறை கட்டலாம், ஆனால் பின் சரிவை வெட்டக் கூடாது, மழைநீர் ஓட வழி செய்ய வேண்டும் என்று வந்தது.

கையெழுத்து நாள்

அதற்கு முந்தின நாள் வந்தது சின்னச் சிக்கல், ஆனால் மலையகத்தில் அடிக்கடி வருவது. கணவரின் அடையாள அட்டையில் தகப்பன் பெயர் ஒரு விதம், பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து வேறு. தோட்டத்தில் பெயர் எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். சத்தியக் கடதாசி ஒன்றோடு அது தீர்ந்தது. இதை முதல் வாரத்திலேயே கேட்டு வாங்கும் லோயர் நல்ல லோயர். நாங்கள் கடைசி நாளில்தான் கேட்டோம்.

விற்பனை உறுதியும் ஈட்டு முறியும் ஒரே நாளில், ஒன்றன்பின் ஒன்றாகக் கையெழுத்தாயின. விற்பனை உறுதி இரண்டு மொழியில் தேவையில்லை என்றார்கள். விற்பவருக்கு விளங்கும் மொழியில், சிங்களத்தில் எழுதி, மிஸ் அதை ஆசிரியைக்கும் கணவருக்கும் வசனம் வசனமாகத் தமிழில் வாசித்துச் சொன்னார். ஈட்டு முறிக்கும் அப்படியே. ஆசிரியை பேனையோடு உட்கார்ந்து குறிப்பெடுத்தார். கட்டத் தவறினால் என்ன நடக்கும் என்ற பந்தியை இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்னார். வங்கி உத்தியோகத்தர் கடிகாரத்தைப் பார்த்தார். மிஸ் இரண்டாம் தடவையும் வாசித்தார்.

87 இலட்சத்துக்கு முத்திரை வரி 3,47,000 ரூபாய்: முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். இந்தத் தொகையைக் கடனுக்குள் அடக்கலாம் என்று நினைத்து வந்து மாட்டிக்கொள்பவர்கள் நிறையப் பேர். இது கையிலிருந்து போகும் காசு.

உறுதியின் இரண்டாம் பிரதியை அடுத்த மாதம் 15 க்குள் பதிவகத்துக்கு அனுப்ப நொத்தாரிசுக்குச் சட்டத்தில் அவகாசம் இருக்கிறது. எங்கள் மிஸ் அவகாசத்தை நம்புகிற ஆள் இல்லை. பதிவு செய்யாத உறுதி, அதே காணிக்குப் பெறுமதி கொடுத்து வாங்கி முந்திப் பதிந்தவருக்கு எதிராகச் செல்லாது என்று 1927 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. பதிவகம் திறந்ததும் அடுத்த நாள் காலையிலேயே நான் அங்கே நின்றேன். பட்டியலில் யாரைத் தெரிவுசெய்வது என்று கேட்பவர்களிடம், "பதிவகத்துக்கு நீங்க எப்ப போவீங்க?" என்று அந்த லோயரிடம் கேட்டுப் பாருங்கள் என்று சொல்வேன். பீஸைவிட அந்தப் பதில் முக்கியம்.

மூல உறுதி வங்கியின் பெட்டகத்துக்குப் போய்விட்டது, கடன் முடியும்வரை அது அங்கேதான். ஆசிரியைக்கு அத்தாட்சிப்படுத்திய பிரதிகளும் அம்மாவின் கைவிடல் உறுதியின் பிரதியும் புது அளவைப் படமும் ஒரு ஃபைலில் போட்டுக் கொடுத்தோம். கடைசித் தவணை கட்டியதும் வங்கி ஈட்டை விடுவிக்கும் உறுதி எழுத வேண்டும், அதையும் பதிவகத்தில் பதிய வேண்டும். கட்டிவிட்டோம் என்ற நினைப்பில் அதை மறந்து, இருபது வருடம் கழித்துப் பிள்ளைகள் விற்கப் போகும்போது ஃபோலியோவில் பழைய ஈடு நிற்பதைப் பார்த்து அலறி வந்தவர்கள் எங்கள் அலுவலகத்துக்குப் புதிதில்லை. தரகரின் லோயர் வாங்கிய காசு மட்டும் திரும்பவில்லை. கணவர் இரண்டு தடவை போய்க் கேட்டார், பிறகு விட்டுவிட்டார்.